சரஸ்வதியா, லட்சுமியா? ஒரு சேலத்துக் கணக்கரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து குறளும் உபநிடதமும் படிக்கிறோம். இரண்டு இடத்துக்கும் வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான். அதனால் கேள்விகளும் கலந்தே வரும். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவர் நடுவில், "ஏங்க, இவ்வளவு சம்பாதிப்பது பாவமா?" என்று கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

காசு மாயை, ஆசையை விடு என்றுதானே நம் மதம் சொல்கிறது? அப்புறம் எதற்குக் கடை, பட்டறை எல்லாம்?

அப்படிச் சொல்லும் குரல் ஒன்று நம் நூல்களில் உண்டு. அது ஒன்றே நம் மதம் என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு உறுதிப்பொருள்களை வைத்தவர்கள் பொருளை இரண்டாவதாக வைத்தார்கள், போனால் போகிறதென்று கடைசியில் ஒட்ட வைக்கவில்லை. வள்ளுவரின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் அரசு, அமைச்சு, படை என்று போகும் என்பது உண்மை. ஆனாலும் "பொருள் செயல்வகை" என்று பணம் ஈட்டுவதற்கே ஓர் அதிகாரம், 76-ஆவது, தனியாக இருக்கிறது. "பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை" என்ற வரி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அது எங்கே வருகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். துறவறவியலில், அருளுடைமை அதிகாரத்தில், 247-ஆவது குறள். அருள் இல்லாதவருக்கு மேலுலகம் இல்லை என்று துறவிக்குச் சொல்ல வந்தவர், அதற்கு உவமையாகப் பொருளைத்தான் எடுத்தார். இங்கே காசில்லாதவன் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்தது, விளக்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வடமொழிப் பக்கம் போனால் தைத்திரீய உபநிடதம். படிப்பு முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரை அதில் இருக்கிறது. உண்மை பேசு, அறத்தில் நில் என்று தொடங்குவதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால், செழிப்பைத் தரும் காரியங்களில் அசட்டையாக இராதே என்றும் இருக்கிறது. அடுத்த மூச்சிலேயே, கற்பதையும் கற்பிப்பதையும் விட்டுவிடாதே என்கிறார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சொன்னவருக்கு இவை முரண்படும் என்று தோன்றவில்லை.

லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே வீட்டில் தங்க மாட்டார்கள் என்கிறார்களே?

மாமியார் மருமகள் சண்டை என்றுகூட ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பழையது. காளிதாசனுக்கும் தெரிந்திருக்கிறது. விக்ரமோர்வசீயம் நாடகத்தின் கடைசிச் சுலோகத்தில், ஒன்றுக்கொன்று பகையான, ஓரிடத்தில் சேர்ந்து பார்க்கக் கிடைக்காத திருவும் கலைமகளும் நல்லவர்களின் நன்மைக்காகச் சேரட்டும் என்று வேண்டி முடிக்கிறான். பகை என்று ஒப்புக்கொள்கிறான், சேர வேண்டும் என்றும் கேட்கிறான். வள்ளுவரும் 374-ஆவது குறளில், செல்வம் உடையவராக இருப்பது ஒன்று, தெளிந்த அறிவுடையவராக இருப்பது வேறொன்று, உலகத்தின் இயற்கை அப்படி இரண்டாக இருக்கிறது என்றார். கண்ணால் கண்டதைச் சொல்கிறார், அவ்வளவுதான். படித்தவன் பாக்கி வசூலிக்கத் தெரியாமல் நிற்பதையும், கையெழுத்துப் போடத் தெரியாதவர் மூன்று மாடி கட்டுவதையும் செவ்வாய்ப்பேட்டையில் நானும் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் கும்பிடுகிற முறையில் நாம் இவர்களைப் பிரித்ததில்லை. எட்டு லட்சுமிகளில் தனலட்சுமி ஒருத்திதான். தைரியம், தானியம், குழந்தை, வெற்றி என்று மற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுள் வித்யாலட்சுமியும் ஒருத்தி. ஆயுத பூஜையன்று நம் ஊர்ப் பட்டறைகளில் போய்ப் பாருங்கள். கொலுசுப் பட்டறையில் சுத்தியலும் கம்பி இழுக்கும் கருவியும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கப்பட்டிருக்கும். விசைத்தறிக்கு மாலை போட்டிருப்பார்கள். அதே படத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகம், பக்கத்தில் பிள்ளைகளின் பாடப் புத்தகம், பொரி கடலை. சம்பாதித்துக் கொடுக்கும் கருவியைச் சரஸ்வதியின் நாளில் கும்பிடுகிறோம். தொழிலில் இருக்கும் கைத்திறனும் அவளுடையதுதானே. வேலை தெரிந்த கை என்பதும் படிப்புதான் என்று எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் நம் பாட்டன்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

சரி, இரண்டும் வேண்டும். பாதிக்குப் பாதியா?

பாதிக்குப் பாதி என்பது என் தொழிலில் செல்லும், இங்கே செல்லாது. நான் படித்த வரையில் நம் நூல்கள் அளவைவிட வரிசையைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன.

மறுபடியும் தைத்திரீயம்தான். முதல் பகுதியில் ஓர் ஆசிரியரின் வேண்டுதல் வருகிறது. முதலில் மேதை, அதாவது கூர்மையான அறிவு வேண்டும் என்கிறார். நாக்கு இனிமையாகப் பேச வேண்டும், கேட்டது மறக்காமல் இருக்க வேண்டும் என்கிறார். "அதன் பிறகு" எனக்குத் திருவைக் கொண்டு வா என்கிறார். எந்தத் திரு? துணி, மாடு, எப்போதும் குறையாத சோறும் நீரும், ரோமம் அடர்ந்த ஆடுகள். வெட்கமே இல்லாமல் பட்டியல் போடுகிறார். அதற்கும் அடுத்து, நாலா பக்கமிருந்தும் மாணவர்கள் என்னிடம் வரட்டும் என்கிறார். அங்கேதான் விஷயம் புரிகிறது. மாணவர்கள் வந்தால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும், துணி கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் நடத்தச் செலவு இருக்கிறது.

இந்த இடத்துக்கு உரை எழுதிய ஆதிசங்கரர், "அதன் பிறகு" என்று ஏன் வந்தது என்று கேட்டுப் பதிலும் சொல்கிறார்: அறிவில்லாதவனுக்கு வரும் செல்வம் கேட்டுக்கே ஆகும். உலகத்தையே மாயை என்று சொன்னவர் என்று நாம் முத்திரை குத்தி வைத்திருக்கும் ஆள்தான் இதைச் சொல்கிறார். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எதற்குப் பின்னால் வரவேண்டும் என்று சொல்கிறார்.

நிலம் விற்ற பணம் ஒரே நாளில் கைக்கு வந்த குடும்பங்களின் கணக்கை எழுதியிருக்கிறேன். இந்த உரை வரியின் பொருளை விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை. வந்த தொகை பெரியது, அது என்ன செய்யும், என்ன செய்யாது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது, அதற்குள் இரண்டு வண்டியும் ஒரு வழக்கும் வந்துவிட்டிருந்தன.

ஞானம் உள்ளவர் காசு வாங்கலாமா? சாமியார்கள் காரில் போவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எரிச்சல் நியாயமாகக்கூட இருக்கலாம், யாரைப் பார்த்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு யாக்ஞவல்கியரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிருகதாரணியக உபநிடதத்தின் பெரிய ஆள். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

விதேக நாட்டு மன்னன் ஜனகன் ஒரு வேள்வி நடத்துகிறான். குரு, பாஞ்சாலப் பகுதிகளிலிருந்து அறிஞர்கள் வந்து கூடியிருக்கிறார்கள். இவர்களில் பெரிய ஞானி யார் என்று அவனுக்கு ஆவல். ஆயிரம் பசுக்களைப் பட்டியில் அடைத்து, ஒவ்வொன்றின் கொம்பிலும் பத்துப் பத்துப் பொன் துண்டுகளைக் கட்டி, "உங்களில் மிகப் பெரிய ஞானி இவற்றை ஓட்டிக்கொண்டு போகலாம்" என்கிறான். யாரும் அசையவில்லை. நான்தான் பெரிய ஞானி என்று எழுந்து நிற்பது ஞானிக்கு அழகா என்ற தயக்கம் இருந்திருக்கும். யாக்ஞவல்கியர் தம் மாணவனைக் கூப்பிட்டு, "தம்பி, மாடுகளை ஓட்டு" என்கிறார். கூட்டம் கொதிக்கிறது. ஜனகனின் புரோகிதர் அசுவலர், "எங்களில் நீர்தான் பெரிய ஞானியோ?" என்று கேட்கிறார். யாக்ஞவல்கியரின் பதில்: "மிகப் பெரிய ஞானி எவரோ அவருக்கு என் வணக்கம். எனக்கு மாடுகள் வேண்டும், அவ்வளவுதான்."

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து கேள்வி கேட்கிறார்கள். கார்க்கி என்ற பெண் இரண்டு முறை எழுகிறாள். எல்லாருக்கும் பதில் சொல்லித்தான் மாடுகளைத் தம்முடையதாக்கிக் கொள்கிறார்.

இன்னொரு நாள் அரசவைக்கு வருகிறார். ஜனகன் கிண்டலாகக் கேட்கிறான்: "எதற்கு வந்தீர்? மாட்டுக்கா, நுட்பமான கேள்விகளுக்கா?" "இரண்டுக்கும்தான், அரசே." இந்தப் பக்கம் முழுவதற்கும் தலைப்பாக வைக்கலாம் அந்தப் பதிலை. ஆனால் அன்றைய உரையாடல் முழுவதையும் படிக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கம் முடிந்ததும் ஜனகன் மகிழ்ந்துபோய் ஆயிரம் மாடு தருகிறேன் என்கிறான். ஒவ்வொரு முறையும் யாக்ஞவல்கியர், "முழுதாகக் கற்பிக்காமல் வாங்கக் கூடாது என்பது என் தந்தையின் கொள்கை" என்று சொல்லி மேலே போகிறார். மாட்டின் மேல் ஆசை இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுக்காமல் கை நீட்டமாட்டார். அந்தக் காரில் போகிறவரைப் பார்த்தால் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: முழுதாகக் கற்பித்துவிட்டு வாங்கினீர்களா?

கதை அங்கேயும் நிற்கவில்லை. பிற்காலத்தில் வீட்டை விட்டுப் போக முடிவு செய்கிறார். மைத்ரேயி, காத்யாயனி என்று இரண்டு மனைவியர். சொத்தைப் பிரித்துத் தருகிறேன் என்கிறார். மைத்ரேயி கேட்கிறாள்: "இந்தப் பூமி முழுக்கச் செல்வம் நிறைந்து அது எனக்கே சொந்தமானால், நான் சாகாமல் இருப்பேனா?" இல்லை, வசதியுள்ளவர்கள் வாழ்வதுபோல் வாழ்வாய், செல்வத்தால் சாவாமை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை என்கிறார். அப்படியானால் அது எனக்கு எதற்கு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்கிறாள். செல்வம் எதுவரைக்கும் வரும் என்று அவர் சொன்னது கவனிக்க வேண்டியது. கெட்டது என்று சொல்லவில்லை. வசதியான வாழ்க்கை கிடைக்கும், அதற்குமேல் அதனிடம் கேட்காதே.

நம் சுகவனேசுவரர் கோயிலுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நேராகவே உண்டு. திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் அந்தக் கோயிலில், வியாசரின் மகன் சுகர் கிளி உருவில் வழிபட்டார் என்பது தலவரலாறு. சுகர் என்றால் பிறந்ததிலிருந்தே பற்றில்லாதவர், துறவிகளுக்கே உதாரணம். அவர் வழிபட்ட கோயிலில் அம்மனின் பெயர் சொர்ணாம்பிகை. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் நகைக் கடைகள் இருக்கும் வீதிகள். சேலத்துக்காரருக்கு இது பழகிப்போன காட்சி.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் இந்தச் சுகருக்கு ஒரு பாடம் நடக்கிறது. வீடுபேறு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வியாசர் மகனை எங்கே அனுப்புகிறார் தெரியுமா? காட்டுக்கு இல்லை. மிதிலைக்கு, ஜனகனிடம். பாதுகாப்பு, கஜானா, வரி, வழக்கு எல்லாம் தலைமேல் இருக்கும் ஒரு மன்னனிடம். வாயிலில் காவலர்கள் கடுமையாகத் தடுக்கிறார்கள், வெயிலில் நிற்கிறார், முகம் சுளிக்கவில்லை. அப்புறம் உள்ளே அழைத்துப் போய் அரண்மனைத் தோட்டத்தில் அழகிய பெண்கள் உபசரிக்கிறார்கள், அதிலும் மயங்கவில்லை. துறவி மன்னனிடம் படிக்கப் போனார் என்பதைத்தான் நான் சனிக்கிழமைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்வது.

ஜனகன் சொன்னதாக ஒரு வரி புகழ்பெற்றது: மிதிலை தீப்பற்றி எரிந்தாலும் என்னுடையது எதுவும் எரியவில்லை. உயர்ந்த வரிதான். ஆனால் ஒரு முதலாளி இதைச் சொன்னால் நான் உடனே காப்பீட்டுத் தவணை கட்டியாயிற்றா என்று பார்ப்பேன். பற்றின்மை வேறு, பொறுப்பின்மை வேறு. ஊர் எரிந்தால் அணைக்க ஓட வேண்டிய முதல் ஆள் அரசன்.

வியாபாரத்தில் தர்மம் பேசினால் கடையை மூட வேண்டியதுதான். நடைமுறைக்கு வருமா?

லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் ஒருவர் கேட்டது. அவருக்குத் துலாதரன் கதையைச் சொன்னேன். ஜாஜலி என்று ஒரு முனிவர், அசையாமல் நின்று தவம் செய்கிறார். அவர் சடையில் குருவிகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பறந்தும் போய்விடுகின்றன. அறத்தை அடைந்துவிட்டேன் என்று தோள்தட்டுகிறார். அப்போது ஒரு குரல், காசியில் இருக்கும் துலாதரனுக்கு நீ ஈடாகமாட்டாய் என்கிறது. போய்ப் பார்த்தால் அவன் வாசனைப் பொருளும் மற்ற சரக்கும் விற்கும் கடைக்காரன். அவன் சொல்லும் ரகசியம், என் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதுதான். மதுவை விற்பதில்லை, ஏமாற்றுவதில்லை. முனிவருக்கு அறம் சொல்லிக் கொடுத்தது ஒரு மளிகைக் கடை.

மண்டிக்காரர் சிரித்துவிட்டு, "காசியில் அப்போது போட்டி இல்லை போலிருக்கு" என்றார். இருக்கலாம். ஆனால் வள்ளுவர் 120-ஆவது குறளில் சொல்வதும் இதேதான்: பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகருக்கு வணிகம். அதை நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். எடை சரியாக இருக்கும் மண்டிக்கு ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து மிளகு தேடி வருவதை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். பல வருடத்துக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்கும் கடைதான் தாக்குப்பிடித்திருக்கும்.

நெசவாளர்கள் கேட்டால் நேச நாயனாரைச் சொல்வேன். அறுபத்துமூவரில் ஒருவர், காம்பீலி ஊர், நெசவுத் தொழில். மனம் சிவன் திருவடியில், நாக்கு ஐந்தெழுத்தில், கை தறியில். நெய்த துணியை அடியார்களுக்குக் கொடுத்தார். தறியை விட்டுவிட்டு வரச்சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எவ்வளவு சம்பாதித்தால் போதும்?

இதற்குத் தொகை கேட்டால் என்னிடம் இல்லை. நூல்களிலும் ஒரே பதில் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

பாகவதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பரீட்சித்துக்குச் சொன்னவரும் நம் கிளி முனிவர் சுகர்தான். ஏழாம் கந்தத்தில் நாரதர் யுதிஷ்டிரரிடம், வயிறு நிறையும் அளவுக்குத்தான் ஒருவனுக்கு உரிமை, அதற்கு மேல் தனது என்று நினைப்பவன் திருடன், தண்டனைக்கு உரியவன் என்கிறார். கேட்கவே பயமாக இருக்கிறது. எட்டாம் கந்தத்தில் சுக்கிராச்சாரியார் வேறு கணக்குச் சொல்கிறார்: அறத்துக்கு, புகழுக்கு, மேலும் பொருள் ஈட்ட, தன் இன்பத்துக்கு, தன் மக்களுக்கு என்று ஐந்தாகப் பிரிப்பவன் இங்கும் மகிழ்வான், அங்கும் மகிழ்வான். மறுமுதலீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கியதைக் கவனித்தீர்களா? எனக்கு இது மிகவும் பிடித்தமான பிரிப்பு. ஒரே சங்கடம், மகாபலி வாமனனுக்குக் கொடுக்காமல் தடுப்பதற்காகச் சுக்கிராச்சாரியார் சொன்ன பேச்சில் இது வருகிறது. நல்ல கணக்கைத் தவறான நேரத்தில் சொன்னார். மகாபலி கேட்கவில்லை, அதனால்தான் இன்றும் அவன் பேர் நிற்கிறது.

சங்கப் பாட்டு ஒன்று, புறநானூறு 189. உலகம் முழுவதையும் ஆளும் அரசனுக்கும், இரவு பகல் தூங்காமல் வேட்டையாடும் கல்லாதவனுக்கும் உண்பது நாழி, உடுப்பது இரண்டு. செல்வத்தின் பயன் ஈதல், நானே அனுபவிப்பேன் என்றால் தவறிப்போவது பல. இதைச் சொன்னவர் நக்கீரர்.

நடைமுறையில் நான் சொல்வது குறள் 478. வருகிற வழி சிறியதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலமாக இல்லாவிட்டால். மாத வருமானம் ஏறும்போதெல்லாம் தவணைகளும் ஏறிக்கொண்டே போகும் வீடுகளில் "போதும்" என்ற கேள்வியை எழுப்பவே முடிவதில்லை.

கடன் வாங்கித் தொழிலைப் பெரிதாக்கலாமா?

ஏற்காட்டில் லேடிஸ் சீட்டில் நின்று இரவில் கீழே பார்த்திருப்பீர்கள். சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். மேலே நிற்கிறவருக்குக் கீழே நடக்கும் நெரிசலால் ஆபத்தில்லை. வள்ளுவர் 758-இல் சொல்வது இதுதான்: தன் கைப்பொருளைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்வது, குன்றின்மேல் ஏறி யானைப் போர் பார்ப்பது போன்றது. கடன் பணத்தில் செய்கிறவர் யானைகளுக்கு நடுவில் நிற்கிறார் என்று நானே மீதியைச் சேர்த்துக்கொள்வேன். வெள்ளி விலை ஒரு வாரத்தில் ஏறி இறங்கும் இந்த ஊரில், கொலுசு வியாபாரிகளுக்கு இதற்கு உரையே வேண்டாம். வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள், அதில் தத்துவம் பேச ஒன்றுமில்லை.

ஏழையாக இருப்பது முன்வினைப் பயன்தானே? நாம் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வி வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கேட்கிறவர் எப்போதும் வசதியானவர்.

நூல்களில் அப்படி இல்லை என்று மழுப்பவும் மாட்டேன். சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்றுதான் 37-ஆவது குறளுக்குப் பரிமேலழகர் உரை எழுதினார். ஆனால் அதே வள்ளுவர்தான் 1062-இல், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெட்டுப்போகட்டும் என்று சபித்தார். ஏழையின் வினையைச் சொல்லி அவர் ஒதுங்கவில்லை, படைத்தவனையே கூண்டில் ஏற்றினார். 619-இல், தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி உடல் வருந்தியதற்குக் கூலி தரும் என்கிறார். முயற்சி தரலாம். முதலாளியும் தர வேண்டும். சேர்வராயன் மலையில் காப்பி 1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது வந்தது. அன்றிலிருந்து அந்தத் தோட்டங்களில் பழம் பறித்த கைகளின் வறுமையை முன்வினை என்று சொல்லிக் கடந்து போவது சௌகரியமான ஞானம். தன் வினையை நினைத்து ஒருவன் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம், அடுத்தவன் வினையை நினைத்து நாம் தூங்கக் கூடாது.

கல்வி விஷயத்திலும் இப்படித்தான். கார்க்கி சபையிலும் மைத்ரேயி வீட்டிலும் கேள்வி கேட்ட மரபுதான் பிறகு பெண்களையும் உழைக்கும் சாதிகளையும் வேதப் படிப்புக்கு வெளியே நிறுத்தியது. சரஸ்வதியைச் சிலர் வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்துவிட்டு, அங்கே லட்சுமி ஏன் வரவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கனகதாரா ஸ்தோத்திரம் தினமும் சொன்னால் பணம் வருமா?

பாலசங்கரர் பிச்சைக்குப் போன வீட்டில் ஒரு நெல்லிக்கனி தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த அம்மா அதையும் கொடுத்தாள். அவர் மனம் இளகி லட்சுமியைப் பாட, பொன் நெல்லிக்கனி மழையாகப் பெய்தது என்பது கதை. பாடியவர் தனக்காகப் பாடவில்லை. பெற்றவள் இருந்த ஒன்றையும் கொடுத்த பிறகு பெற்றாள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள். சொல்லுங்கள், நல்ல தோத்திரம். கூடவே வங்கிக் கணக்கையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

அட்சய திருதியைக்கு நகை வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த நாளுக்கு மரபு சொல்வது தானம். வாங்கச் சொல்வது விளம்பரம். வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், கடன் அட்டையில் வேண்டாம்.

மகன் பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு ஆன்மிகம் என்கிறான். என்ன சொல்வது?

முதலில், திட்டாதீர்கள். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு வேலை அலுத்துப்போவது வேறு, உலகம் அலுத்துப்போவது வேறு. எது என்று அவனுக்கே தெரிய நாளாகும். பட்டினத்தார் பெரிய வணிகர், காதற்ற ஊசியும் கடைசி வழிக்கு வராது என்று உணர்ந்து எல்லாவற்றையும் விட்டார். அவரிடம் விடுவதற்கு நிறைய இருந்தது. மாணவன், இல்லறத்தான், காட்டுக்குப் போனவன், துறவி என்று நான்கு நிலைகளை வகுத்ததில் மற்ற மூவருக்கும் சோறு போடுபவன் இல்லறத்தான். 41-ஆவது குறளும் ஏறக்குறைய அதையே சொல்கிறது.

சாந்தி பருவத்தில் அர்ஜுனன் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு ஜனக மன்னன் அரசை விட்டுவிட்டு, தலையை மழித்து, ஒரு பிடி வறுத்த தானியத்துக்குக் கையேந்தப் போகிறான். அரசி தனியாகப் பிடித்து விளாசுகிறாள். ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கை இப்போது சோற்றுக்கு நீள்கிறதே, உன்னை நம்பி இருந்தவர்கள் எங்கே போவார்கள், காவித்துணியும் திருவோடும் ஒருவனைத் துறவியாக்கிவிடுமா என்று. போரில் ஜெயித்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று அடம்பிடித்த யுதிஷ்டிரனை நிறுத்த அர்ஜுனன் இதைச் சொன்னான். உங்கள் மகனிடமும் சொல்லிப் பாருங்கள். அவன் பேரில் வீட்டுக்கடன் இருந்தால் அதையும் நினைவூட்டுங்கள். கடன் தீர்ந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால், ஆசி கொடுத்து அனுப்புங்கள்.

வரி கட்டுவது தர்மத்தில் சேருமா?

தொழில் சார்ந்த கேள்வி, எனவே மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். 43-ஆவது குறள் இல்லறத்தான் பேண வேண்டியவர்களை ஐந்தாகச் சொல்கிறது: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். இதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஒரு கணக்குப் போடுகிறார். இந்த ஐந்துக்கும் ஐந்து பங்கு வேண்டியிருப்பதால்தான் அரசனுக்கு உரிய இறைப்பொருள் ஆறில் ஒன்று ஆயிற்று என்கிறார். குடும்பச் செலவை முதலில் எடுத்துவைத்து, அதிலிருந்து வரி விகிதத்துக்கு வந்த உரையாசிரியர் அவர்.

ஆறில் ஒன்று என்றால் நூற்றுக்குப் பதினாறு சொச்சம். இப்போது ஜிஎஸ்டியே பல சரக்குக்கு 18 என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆனால் அது உங்கள் வருமானத்தில் வாங்கும் பங்கு இல்லை. வாங்குகிறவர் கொடுத்த பணம், உங்கள் கையில் சில நாள் தங்கிப் போகிறது. பிறர் பொருளைத் தன் பொருள்போல் பேண வேண்டும் என்ற 120-ஆவது குறள் இந்தத் தொகைக்கு அப்படியே பொருந்தும், தன் பொருள்போல் செலவழிக்கச் சொல்லவில்லை. அதை எடுத்துச் சரக்கில் போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் என்னிடம் வராதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 20-ஆம் தேதி.